காலை 5 மணிக்கு மடங்காத விரல்கள்

பாளையங்கோட்டையில் என் அறைக்குள் முடக்குவாதம் என்னும் மூட்டு நோய் உள்ளவர்கள் வந்து உட்காரும்போது மணி 11 ஆகியிருக்கும். முக்கூடலிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் பஸ் பிடித்து, டோக்கன் வாங்கிக் காத்திருந்து வருவதற்குள் விரல்கள் இளகிவிடும். நீட்டச் சொன்னால் நீட்டுவார்கள், மடக்கச் சொன்னால் மடக்குவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில், அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு நானும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, சத்தாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து அவர் திரும்பி வந்தபோது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. காலையில் கை எப்படி இருக்கிறது என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன். பீடி சுற்றும் பெண்களிடம் "விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்றால் பதில் தடுமாறும். "சுளவை (முறத்தை) எத்தனை மணிக்கு மடியில் வைக்கிறீர்கள்?" என்றால் உடனே வந்துவிடும். "முன்பெல்லாம் ஆறு மணிக்கே இலை வெட்ட உட்கார்ந்துவிடுவேன் அம்மா. இப்போது எட்டரை ஆகாமல் கத்தரி பிடிக்க வரவில்லை." இலையை உருட்டுவது, நூல் சுற்றுவது, நுனியை மடக்குவது எல்லாம் விரல்நுனி வேலை. நாளைக்கு 1,000 பீடி சுற்றியவர் 400-க்கு இறங்கிவிட்டார் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பீடி சுற்றாத வீடுகளிலும் இந்த நோய் உண்டு. அங்கே மகளுக்குச் சடை பின்னிவிட முடிகிறதா என்று கேட்பேன்.

ஆச்சிமார் சரவாங்கி என்று சொல்லும் நோய் இது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். குழாயில் தண்ணீர் பிடிக்கவும், வாசல் தெளிக்கவும், பிள்ளைகளுக்குச் சோறு கட்டவும் வீடு அந்தப் பெண்ணைத் தேடும் நேரமும் அதுவே. பத்து மணிக்கு அவர் நடமாடுவதைப் பார்க்கும் மாமியாருக்கு, வேலைக்கள்ளிக்குப் பிள்ளை மேல் சாக்கு என்ற பழமொழி நினைவுக்கு வருகிறது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

ஆகவே துணைக்கு வருபவரையும் உள்ளே அழைக்கிறேன். ஒரு மாமியாரின் விரல்களைப் பிடித்து மருமகளின் விரல்கள் தொடங்கும் கணுக்களின் மேல் வைத்தேன். "லேசாக அழுத்துங்கள்." மருமகள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சுடுகிறதே அம்மா" என்றார் மாமியார். அடுத்த முறை வந்தபோது, காலைத் தண்ணீரைத் தானே பிடித்துவிடுவதாகச் சொன்னார்.

2006-இல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவியதிலிருந்து எந்த மூட்டுவலிக்கும் அந்தப் பெயர்தான் முதலில் வாய்க்கு வருகிறது. இல்லையென்றால் வாய்வு என்று சொல்லிக் கிழங்கை நிறுத்துவார்கள். இன்னொரு பக்கம் 'கடை மாத்திரை'. பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி இரண்டு நாளில் ஓடிவிடும். சில மாதங்களில் முகம் உப்பும். ஊரார் அதைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்கிறார்கள்! உள்ளேயோ எலும்பு மெலிகிறது, சர்க்கரை ஏறுகிறது. நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு நாங்கள் முதலில் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். விலை அதிகமில்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். மேலப்பாளையத்திலிருந்து வரும் ஆச்சி ஒருவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவருடைய மாத்திரைக்குச் செவ்வாய்க்கிழமையைக் குறித்துக் கொடுத்தேன். அன்றுதான் அங்கே சந்தை. அவர் அதைச் சந்தை மாத்திரை என்றே சொல்கிறார். கருவுக்கு இந்த மருந்து ஆகாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் பல மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் மனம் விட்டுப்போய்க் கடை மாத்திரைக்குத் திரும்புகிறார்கள்.

பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் முடக்குவாதத்துக்குத் தனி இடம் இல்லை. கை கோணி இயக்கம் குறைந்த பிறகே, இயக்கக் குறைபாடு என்ற வகையில் சான்றிதழ் கேட்க முடியும். விரல் சாயும் முன்பு, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெண் வலியோடு கழித்த காலைகள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

கை மணிக்கட்டு, விரல் கணுக்களில் வீக்கமும், ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை விறைப்பும் ஆறு வாரமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் (இந்த நோயில் பலருக்கும் ரத்தத்தில் காணப்படும் எதிர்ப்பொருள்) இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நோய் இருந்தும் ஐந்தில் ஒருவருக்காவது அது ரத்தத்தில் தெரியாது. வீட்டில் கிழிக்கும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம், விரல் எத்தனை மணிக்கு முழுதாக மடங்கியது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். 5 மணிக்குக் கை இருக்கும் நிலையை மகனையோ மகளையோ செல்போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். தாள்களையும் செல்போனையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.