ரசீது இல்லாத ஒன்றரை லட்சம்

மஞ்சப்பையை அப்படியே மேசையில் கவிழ்த்தார் அந்தப் பெண். பாஸ்போர்ட் ஜெராக்ஸ், காம்கா (வளைகுடா வேலைக்கான உடல் பரிசோதனை) மெடிக்கல் சீட்டு, நகை அடகு வைத்த ரசீது இரண்டு, பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள் ஒன்று. கணவர் ரியாத்தில் இருக்கிறார். ஏசி மெக்கானிக் வேலை, மாதம் 1,800 ரியால் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போன இடத்தில் கட்டட வேலையில் ஹெல்ப்பர், 1,000 ரியால். அதுவும் நாலு மாதமாக வரவில்லை.

"ஏஜென்ட்கிட்ட குடுத்த காசையாவது வாங்கிக் குடுங்க சார்."

"எவ்வளவும்மா?"

"ஒன்றரை லட்சம்."

"ரசீது?"

நோட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். பென்சிலில் எழுதியிருந்தது: முதல் 20, அப்புறம் 80, டிக்கெட் 30, ஸ்டாம்பிங் 20. யார் கையெழுத்தும் இல்லை. செல்போனில் 80 ஆயிரத்துக்கு மட்டும் ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருந்தது. பணம் போயிருப்பது ஏஜென்டின் மைத்துனி கணக்குக்கு. குறிப்பில் 'கைமாத்து' என்று இருந்தது. அப்படிப் போடச் சொன்னதே ஏஜென்ட்தானாம்.

இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் தொழில் பார்க்கிற வக்கீல் யாருக்கும் இந்தப் பை பழக்கமானதுதான். பெயரும் தொகையும் மாறும், அவ்வளவுதான். ரொம்ப நாள் நானும் இதை ஒரு ஏமாற்றுப் பேர்வழியின் வேலையாகத்தான் பார்த்தேன். மோசடிக்கு ஒரு புகார், வசூலுக்கு ஒரு வழக்கு, சரி, முடிந்தது. கொஞ்ச வருடமாக இந்தத் துறை ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே ஒரு கேள்வி உறைத்தது. ஆள் தேவைப்படுவது கம்பெனிக்கு. அப்படியிருக்க, வேலைக்குப் போகிறவன் ஏன் பணம் கட்டுகிறான்?

நம் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. அதற்கு ரசீது தரவேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 181) இதற்கும் ஒரு படி மேலே போய், பொதுவாகத் தொழிலாளியிடம் காசே வாங்கக்கூடாது என்கிறது. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை. நேபாளம் 2015இல் 'ஃப்ரீ விசா, ஃப்ரீ டிக்கெட்' என்று அறிவித்து, விசா, டிக்கெட் செலவு முதலாளி தலையில் என்றது. அறிவிப்பு வந்த பிறகும் அங்கே ஆட்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். மேசைக்கு அடியில் கட்டினார்கள், அதுதான் வித்தியாசம்.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 10.7.1 என்று ஒரு அளவுகோல் உண்டு. வேலைக்குப் போகச் செலவழித்த பணம், அங்கே வாங்கும் எத்தனை மாதச் சம்பளத்துக்குச் சமம் என்பதுதான் கணக்கு. வங்கதேசத்துப் புள்ளியியல் துறை 2020இல் இதைக் கணக்கெடுத்தபோது வந்த சராசரி 17.6 மாதம். ஒன்றரை வருடம் உழைப்பது, போவதற்கு வாங்கிய கடனை அடைக்க மட்டும்! நம் ரியாத்காரர் கணக்கு பரவாயில்லை என்று தோன்றும். 1,000 ரியால் என்றால் அப்போது 22, 23 ஆயிரம் ரூபாய். ஒன்றரை லட்சம் என்பது ஆறேழு மாதச் சம்பளம். ஆனால் அந்த ஆறேழு மாதம் அவர் சாப்பிடக்கூடாது, வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பக்கூடாது, அடகு நகைக்கு வட்டி ஏறக்கூடாது.

பணம் எங்கே போகிறது என்பதற்குச் சியாங் பியாவ், யோஹான் லிண்ட்குவிஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் எழுதிய கட்டுரை எனக்கு ரொம்ப உதவியது. ஆள் தானாகப் போவதில்லை, ஒரு பெரிய ஏற்பாடு அவனை நகர்த்துகிறது என்கிறார்கள் அவர்கள். ஏஜென்ட், அரசு ஆபீஸ், மெடிக்கல் சென்டர், பயிற்சி நிலையம், உறவுக்காரர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஏற்பாடு. விதிகளும் காகிதங்களும் கூடினால் தரகர் காணாமல் போவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். காகிதம் கூடக் கூட, அதைத் தாண்டிக் கூட்டிப்போக ஆள் தேவைப்படுகிறது, தரகர் பெருகுகிறார்.

இதை என் மேசையிலேயே பார்க்க முடிந்தது. பையின் அடியில் நாலாக மடித்த ஆங்கிலத் தாள் ஒன்று கிடந்தது. விமான நிலையத்தில் காட்டச் சொல்லிக் கொடுத்ததாம், வீட்டில் யாரும் படிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கான குடியேற்ற அனுமதிக்காக இமைகிரேட் என்ற அரசுத் தளத்தில் ஏற்றிய ஒப்பந்தத்தின் நகல் அது. வேலை 'லேபர்', சம்பளம் 1,500 ரியால் என்று அதில் இருந்தது. வாயால் சொன்னது 1,800, காகிதத்தில் 1,500, கையில் 1,000. ஏஜென்ட் என்று இருந்ததோ மும்பையில் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயர். அப்படியொரு நிறுவனம் இருப்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. இவர்கள் பணம் கொடுத்தவர் ஊர்க்காரர், 'சப் ஏஜென்ட்'. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் (எமிக்ரேஷன் ஆக்ட்) சப் ஏஜென்ட் என்ற பதவியே கிடையாது. பதிவுச் சான்று இல்லாமல் ஆள் சேர்ப்பது 10ஆம் பிரிவின்படி குற்றம். ஆக, காகிதத்தில் இருப்பவரிடம் இவர்கள் பணம் கொடுக்கவில்லை, பணம் வாங்கியவர் எந்தக் காகிதத்திலும் இல்லை. மும்பைக்கு நோட்டீஸ் அனுப்பினோம். நாங்கள் வாங்கியது சட்டப்படியான கட்டணம் மட்டும்தான் என்று பதில் வந்தது.

அங்கே போனபின் சம்பளம் குறைந்தால் ஏன் வேறு கம்பெனிக்கு மாறுவதில்லை என்று சிலர் கேட்பார்கள். கஃபாலா முறை அதற்குத்தான் இருக்கிறது. விசா முதலாளி பெயரில், அதாவது கஃபீல் பெயரில். விட்டு ஓடினால் 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்ற புகார், போட்டுவிடுவார், அப்புறம் அங்கே இருப்பதே சட்டவிரோதமாகிவிடலாம். இந்தக் கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதைச் சுரேஷ் நாயுடு, யாவ் ந்யார்கோ, ஷிங்-யீ வாங் மூவரும் 2016இல் ஒரு பொருளாதார ஆய்வில் காட்டினார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2011இல் ஒரு விதி தளர்ந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தவர், பழைய முதலாளியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) இல்லாமலே வேறு இடத்துக்குப் போகலாம் என்றார்கள். அங்கே ஏற்கனவே இருந்தவர்களின் வருமானம் ஏறியது. அதைவிட எனக்குச் சுவையாகப் பட்ட விஷயம், பெரும்பாலோர் கம்பெனி மாறாமலே அது ஏறியது என்பது. மாற முடியும் என்ற நிலை வந்ததும் பழைய முதலாளியே கூட்டிக் கொடுத்துவிட்டார். மறுபக்கமும் அந்த ஆய்வில் உண்டு: ஊரிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது குறைந்தது, புதிதாக வந்தவர்களின் சம்பளமும் இறங்கியது. சீர்திருத்தம் என்றால் எல்லோருக்கும் நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பவனுக்குக் கிடைப்பது, வரிசையில் நிற்பவனிடமிருந்தும் கொஞ்சம் போகிறது.

கத்தார் 2020இல் என்ஓசியை எடுத்தது. 2021 மார்ச்சிலிருந்து 1,000 கத்தார் ரியால் குறைந்தபட்ச ஊதியம் வைத்தது. சவுதி 2021இல் சில தளர்வுகள் செய்தபோது வீட்டு வேலைக்காரர்களை வெளியே விட்டுவிட்டது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

எல்லாப் பழியையும் அரபு நாட்டின் மேல் போடவும் முடியாது. 2020 செப்டம்பரில், கொரோனா நேரத்தில், வளைகுடா செல்லும் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை, அதாவது இதற்குக் கீழே சம்பளம் என்றால் ஆள் அனுப்பக்கூடாது என்ற வரம்பை, நம் மத்திய அரசே குறைத்தது. நாட்டையும் வேலையையும் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரை இறங்கியது. வேறு நாட்டு ஆட்கள் மலிவாகக் கிடைக்கிறார்கள், நம் ஆட்களுக்கு வேலை போய்விடும் என்பது காரணம். எதிர்ப்பு கிளம்பி, தெலங்கானா உயர் நீதிமன்றம் வரை போய், 2021 ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். ஏற்றுமதிச் சரக்குக்கு விலை குறைப்பதுபோல ஆளுக்கும் குறைத்துப் பார்த்தார்கள். 2023-24இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 118.7 பில்லியன் டாலர், அதில் தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம் என்கிறது ரிசர்வ் வங்கி. வருகிற பணத்துக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறோம். போவதற்காக இங்கே கட்டிய பணத்துக்குப் பென்சில் நோட்டுத் தாள்தான் இருக்கிறது.

சரி, நீதிமன்றத்துக்கு வருவோம். காவல் நிலையத்தில் முதலில் சொல்வது, "இது சிவில் மேட்டர்". குடியேற்றச் சட்டத்தில் வழக்குப் போட மத்திய அரசின் முன் அனுமதி வேண்டுமே என்றும் சொல்வார்கள். பாதி உண்மை. அந்த 27ஆம் பிரிவின் அடியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் தாய், தகப்பன், மனைவி, கணவர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. கணவர் ரியாத்தில் மாட்டிக்கொண்டிருக்க, மனைவியின் கையெழுத்தே போதும். இது தெரியாமல் எத்தனை பேர் அவர் வரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. 24ஆம் பிரிவில் உள்ள தண்டனைதான் சிரிப்பு: இரண்டு வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஏஜென்டுக்கு 2,000 ரூபாய் என்ன காசு?

ஃபெல்ஸ்டினர், ஏபல், சராட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நாற்பது வருடத்துக்கும் முன்னால் சொன்னது சட்ட-சமூக ஆய்வில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. பட்ட அடி வழக்காக மாற மூன்று படி ஏற வேண்டும். நடந்தது அநியாயம் என்று உணரவேண்டும், இன்னார்தான் காரணம் என்று சொல்லவேண்டும், பிறகு அவரிடம் கேட்கவேண்டும். நம் ஊரில் முதல் படியிலேயே "எல்லாம் என் நேரம் சார்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது படியில் ஏஜென்ட் சொந்தக்காரராக இருப்பார், தெருக்காரராக இருப்பார், தம்பிக்கும் விசா பார்த்துத் தருவதாகச் சொல்லியிருப்பார்.

போகப்போகிறவர்களுக்குச் சொல்வேன்: பணத்தை வங்கி வழியாக, அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் போடுங்கள். மைத்துனி கணக்கு, மச்சான் கணக்கு என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை இமைகிரேட் தளத்தில் பார்க்கலாம். ஒப்பந்த நகலை யாராவது ஒரு பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லி, வேலையின் பெயரையும் சம்பளத்தையும் மட்டுமாவது கேளுங்கள். ஒரு செட் வீட்டில் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு, இருக்கும். அவர்களை விசிட் விசாவில் அனுப்பி "அங்கே போய் மாத்திக்கலாம்" என்பார்கள். அப்படிப் போனால் குடியேற்ற அனுமதி கிடையாது, 275 ரூபாயில் இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும் பிரவாசி பாரதிய பீமா இன்சூரன்ஸும் கிடையாது. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் தருவது அதுதான். 2024 ஜூனில் குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து இந்தியர்கள் 45 பேர் இறந்தார்கள், ஏழு பேர் தமிழர்கள். அந்த வாரம் என் ஆபீசுக்கு வந்த எல்லோரும் கேட்டது இன்சூரன்ஸ் பற்றித்தான்.

சவுதியில் சம்பளப் பாக்கியைக் கோர, வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதம்தான் கெடு. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கிளம்பும் முன் தூதரகம் வழியாக ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிவிட்டு வந்தால் வழக்கு அங்கே நடக்கும்.

அந்தப் பெண்ணின் புகாரை 10, 24ஆம் பிரிவுகளில் அவர் பெயரிலேயே எழுதினோம். தாக்கல் செய்வதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் இருவரோடு ஏஜென்டே வந்துவிட்டார். தவணையில் 60 ஆயிரம் திருப்பித் தருகிறேன் என்றார். அந்தம்மா ரொம்ப யோசித்துச் சரி என்றார். அடகுக் கெடு நெருங்கிவிட்டது. முதல் தவணை 20 ஆயிரத்தை மேசையில் எண்ணி வைத்த ஏஜென்ட், என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், இதுக்கு ஒரு ரசீது வேணும். ஸ்டாம்ப் ஒட்டி."