புது சி.ஆர்.எம்.முக்கு மாறுகிறீர்களா? சத்தமில்லாத பிழைகளைக் கவனியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நிறுவனங்களுக்குக் கிளவுட் சி.ஆர்.எம்., அதாவது வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் இணையத்தில் வைத்துப் பராமரிக்கும் மென்பொருள், அமைத்துக் கொடுப்பது என் தொழில். பம்பு, மோட்டார், நெசவு இயந்திர உதிரிபாகங்கள் செய்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். சோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ் என்று எதை வாங்கியிருந்தாலும் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்: "சாஃப்ட்வேர் வாங்கியாச்சுங்க, பழைய டேட்டாவை ஏத்திக் குடுத்துட்டீங்கன்னா அடுத்த வாரமே ஓட்டிரலாம்." எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசித்தவர்கள், பழைய தரவை மாற்றுவதற்கு ஒரே ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த அவசரத்தில்தான் முளைக்கின்றன.

தரவை ஏற்றும்போது வரும் பிழைகள் இரண்டு வகை. சிலவற்றைக் கணினியே நிறுத்தி, இந்த வரியை ஏற்ற முடியவில்லை என்று சொல்லிவிடும். அவற்றைப் பற்றிக் கவலை இல்லை, பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மற்றவை, சரியான தரவு போலவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் இம்போர்ட் வெற்றி என்று வரும். சில மாதம் கழித்து ஒரு டீலர் போனில் சத்தம் போடும்போதுதான் விஷயம் தெரியவரும்.

தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் நாள் எண்ணை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். புது சி.ஆர்.எம். அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அது மாதத்தை முதலில் படிக்கும். 25/04/2024 என்று வந்தால் 25ஆம் மாதம் கிடையாது என்பதால் பிழை காட்டும். 05/04/2024 என்று வந்தால் ஏப்ரல் 5 என்பது மே 4 ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. பிழை காட்டிய வரிகளை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோனால், மாதத்தின் முதல் 12 நாட்களில் விழும் ஃபாலோ-அப், சர்வீஸ் ஒப்பந்தப் புதுப்பிப்பு, வாரண்டி முடியும் நாள் அநேகமாக எல்லாம் தவறாகவே நிற்கும்.

தொலைபேசி எண்களிலும் இதே கதைதான். 91 சேர்த்த 12 இலக்க எண்ணை எக்ஸெல் ஒரு பெரிய கணித எண்ணாக நினைத்துச் சுருக்கிக் காட்டும். அந்தக் கோப்பை அப்படியே சி.எஸ்.வி.யாக (வெறும் எழுத்துகளாக, காற்புள்ளியால் பிரித்து வைக்கும் கோப்பாக) சேமித்தால், சுருங்கிய வடிவம்தான் கோப்பில் பதிவாகும். அடுத்த முறை திறக்கும்போது எண்ணின் பின்பாதி முழுக்கச் சுழியாக இருக்கும். இழந்த இலக்கங்களை அந்தக் கோப்பிலிருந்து மீட்கவே முடியாது. 0422 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்ணில் முன்னால் உள்ள சுழி போய்விடும். தமிழில் எழுதிய முகவரிகள் இருந்தால், தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யு.டி.எஃப்.-8 வகையைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்தால் அத்தனையும் கேள்விக்குறிகளாக மாறும். அதனால் மூலக் கோப்பை யாரும் எக்ஸெலில் சும்மா திறந்து சேமிக்கக் கூடாது என்பதை எங்கே போனாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். எண் பத்திகளை உரை வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

சின்ன கம்பெனிகளுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் கடைசியில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றுகளைத் தினசரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவைப் எக்ஸெலின் பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்பு வடிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. மிச்ச வரிகள் விழுந்துபோனதை ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. அத்தனை பேரோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிச் சொல்லும் வேலை தாமதமானது. போன வரிகள் எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நம் ஊர்ப் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான சி.ஆர்.எம்.களில் கடைசிப் பெயர் என்ற கட்டம் கட்டாயம். நமக்கு இருப்பது இனிஷியலும் பெயரும். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று யாரோ இனிஷியலை ஒரு பக்கமும் பெயரை இன்னொரு பக்கமும் போட்டு வைப்பார்கள். பிறகு தீபாவளி வாழ்த்து, முப்பது வருடப் பழக்கமுள்ள ஒரு மில் முதலாளிக்கு "அன்புள்ள கே" என்று போகும். இதற்கு ஒரே விதியை எழுதி வைத்துவிடுங்கள்: முழுப் பெயரும் இனிஷியலோடு சேர்த்துக் கடைசிப் பெயர் கட்டத்தில், முதல் பெயர் கட்டம் காலி. அழகாக இருக்காது, ஆனால் யாரையும் அவமதிக்காது.

அப்புறம் டூப்ளிகேட். ஒரே கடை, ஸ்ரீ போட்டு ஒரு பதிவு, போடாமல் ஒரு பதிவு, ஆங்கிலத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இன்னும் மூன்று. பெயரை வைத்துச் சேர்க்கப் பார்த்தால் முடிவே இராது. ஜி.எஸ்.டி. எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். அந்தப் பத்தை மட்டும் தனியே பிரித்து அடுக்கினால், கேரளத்திலும் கர்நாடகத்திலும் கிளை வைத்திருக்கும் ஒரே வாடிக்கையாளர் யார் யார் என்பது பளிச்சென்று தெரியும்.

ஆனால் எந்தச் சூத்திரமும் ஓர் எல்லை வரைதான் போகும். பம்பு செய்யும் ஒரு நிறுவனத்தில் டீலர் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு, ஆர்டர் பிரிவில் நெடுங்காலமாக இருக்கும் ஓர் அம்மாவிடம் உட்கார்ந்தேன். இரண்டு பதிவுகள். ஒரே கடைப் பெயர், ஒரே கதவு எண், ஒரே லேண்ட்லைன். ஒன்றில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. மென்பொருள் இரண்டையும் சேர்க்கச் சொல்லிச் சிவப்பில் காட்டியது. அவர் பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டார். "இதைச் சேர்த்துறாதீங்க சார். அண்ணனும் தம்பியும் பிரிஞ்சுட்டாங்க. கடை ஒரே கட்டடத்துலதான் இருக்குது. ஆனா பில்லு வேற, கிரெடிட் லிமிட்டு வேற. தம்பிக்குப் போற ஆஃபர் அண்ணனுக்குத் தெரிஞ்சா பெரிய சண்டைங்க." அந்த இரண்டு பதிவுகளையும் சேர்த்திருந்தால் ஒரு டீலரையாவது அந்த நிறுவனம் இழந்திருக்கும். அவருக்குத் தெரிந்த அந்த விஷயம் எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான். தரவு மாற்றத்தை ஐ.டி. வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் என்னைப் போன்றவர்கள் கோப்பைப் பிரிக்கலாம், கட்டங்களைப் பொருத்தலாம். ஒரு பதிவு உண்மையா பொய்யா என்று சொல்ல, அந்த வாடிக்கையாளரோடு பேசிப் பழகியவர் வேண்டும். விற்பனை ஆட்களில் ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒருவர், ஆர்டர் டெஸ்க்கில் ஒருவர், கணக்குப் பிரிவில் ஒருவர் என்று ஆட்களை நியமித்து, தினமும் ஒரு மணி நேரமாவது இதற்கென்று விடுவியுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கு டார்கெட் பேச்சு வரக் கூடாது. முதலாளிகள் மிகவும் தயங்குவது இந்த இடத்தில்தான். மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பார்கள், ஆளை விடச் சொன்னால் மனம் வராது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தன் கையால் சரிபார்த்த பட்டியலை அந்த விற்பனையாளர் நம்புவார், பயன்படுத்துவார். யாரோ ஏற்றிவிட்ட பட்டியலாக இருந்தால் பழையபடி டைரிக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விடுவார்.

தொழில்நுட்ப விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பயனர்கள், அடுத்து நிறுவனங்கள், அப்புறம் தொடர்பு நபர்கள், பிறகு டீல்கள் (ஒவ்வொரு விற்பனை வாய்ப்பின் பதிவு), கடைசியில் குறிப்புகளும் இணைப்புக் கோப்புகளும் என்ற வரிசையில் ஏற்றுங்கள். நிறுவனம் உள்ளே இல்லாமல் அதன் ஆளை ஏற்றினால் அவர் அநாதையாக நிற்பார். பழைய சிஸ்டத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் இருந்த அடையாளக் குறியீட்டை (ஐ.டி.) ஒரு தனிக் கட்டத்தில் கட்டாயம் கொண்டுவாருங்கள். என்றைக்காவது சந்தேகம் வந்தால் திரும்பிப் போகும் வழி அது ஒன்றுதான். சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து எடுப்பவர்கள் 18 எழுத்து ஐ.டி.யையே எடுங்கள். 15 எழுத்து ஐ.டி.யில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு பதிவைக் குறிக்கும், ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடிப் பொருத்தும் எக்ஸெலின் வி-லுக்கப் அந்த வித்தியாசத்தைப் பார்க்காது. ஒருவருடைய டீல் இன்னொருவர் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஏற்றுவதற்கு முன் புது சிஸ்டத்தில் தானியங்கி மெயில், எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பழைய வாடிக்கையாளரும் புது லீடாக, அதாவது புதிதாக விசாரித்தவராகக் கருதப்பட்டு, எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி என்று ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே இரவில் செய்தி பறக்கும்.

எல்லாவற்றையும் ஒரே சனி ஞாயிறில் மாற்றிவிடலாம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மொத்தமாகப் புது கணினித் தளத்துக்கு மாறினார்கள். தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று பின்னால் விசாரித்த கண்காணிப்பு அமைப்புகளே சொல்லின. ஆனால் புது தளம் உடனே தடுமாற ஆரம்பித்தது, வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022இல் விதிக்கப்பட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல். நம் அளவு சிறியது, இருந்தாலும் முறை ஒன்றுதான். ஒரு கிளையையோ ஓர் ஏரியாவையோ முதலில் மாற்றுங்கள். அவர்கள் நிஜ ஆர்டர், நிஜ கோட்டேஷன் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். எண்ணிக்கையோடு தொகையையும் ஒப்பிடுங்கள்: பழையதில் திறந்திருக்கும் டீல்களின் மொத்த ரூபாய், விற்பனையாளர்வாரியாக, புதியதிலும் அதே ரூபாயாக வர வேண்டும். இருநூறு ரூபாய் இடித்தாலும் ஏன் என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த கிளைக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும் என்பதும் இல்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டுகள் யாருக்கும் பயன்படப் போவதில்லை. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்த தனிநபர் தரவை அழிக்கச் சொல்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதில் இடம் உண்டு. அதே சமயம் ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதனால் எதை எறிவது என்பதை உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். பழைய சந்தாவை நிறுத்துவதற்கு முன் முழு பேக்கப்பை, இணைப்புக் கோப்புகளோடு, இறக்கி ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

மாறிய பிறகும் பழைய சிஸ்டத்தைச் சில வாரம் படிக்க மட்டும் முடியும்படி வைத்திருங்கள். வலைத்தளத்தின் விசாரணைப் படிவம், இந்தியாமார்ட் என்ற இணையச் சந்தையிலிருந்து வரும் லீடுகள், வாட்ஸ்அப் எண் என்று விசாரணை வரும் வழிகள் பல. அவற்றில் ஏதாவது ஒன்று இன்னும் பழைய சிஸ்டத்துக்கே போய்க்கொண்டிருக்கும், அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். உங்கள் படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பி அனுப்பி, அது புது சிஸ்டத்தில் யார் பெயரில் வந்து விழுகிறது என்று பாருங்கள். முதல் மாதம் முழுக்க, பழையதில் புதிதாக ஏதாவது பதிவு விழுந்திருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பதற்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள்.