வழுநீக்கம்: டீபக்கிங்குக்குப் பொருத்தமான சொல்

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு நிரல் (கணினி புரோகிராம்) எழுதியிருந்தான். ஊர்க்காரர்கள் எந்த ஆண்டைக் கேட்டாலும் அந்த ஆண்டின் மேட்டூர் அணை நீர்மட்டத்தைக் கோட்டுப்படமாக வரைந்து கொடுக்கும். 120 அடிக்கு ஒரு சிவப்புக் கோடு, வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12க்கு நேராக ஒரு பச்சைக் கோடு. வரைவது மேட்பிளாட்லிப். 2003இல் ஜான் ஹன்டர் வெளியிட்ட, எவரும் திறந்து பார்க்கக்கூடிய நூலகம், அதாவது பைதான் என்ற நிரல்மொழியில் எடுத்துப் பயன்படுத்தத் தயாராக எழுதிவைத்த நிரல்தொகுப்பு.

"அண்ணே, பத்துப் பதினஞ்சு படம் நல்லா வருது. அப்புறம் புரோகிராமே செத்துடுது" என்றான். 'டீபக் பண்ணணும்', அதாவது நிரலின் கோளாறைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும், என்று இரண்டு பேருமே சொன்னோம். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இது.

பக் என்றால் பூச்சி. 1947 செப்டம்பரில் ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில்) சிக்கியிருந்த விட்டில் ஒன்றை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். சொல் அங்கே பிறந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. எடிசன் 1878இலேயே தன் கருவிகளின் சின்னக் கோளாறுகளை பக் என்று எழுதியிருக்கிறார். விட்டிலை ஒட்டியவர்களும் 'நிஜமாகவே ஒரு பக் கிடைத்தது இதுதான் முதல் தடவை' என்ற பொருளில்தான் பக்கத்தில் குறித்தார்கள். சொல் பழகியிருந்ததால்தானே அப்படி எழுத முடிந்தது? இடைக்கால ஆங்கிலத்தில் இதே ஒலியில், பயமுறுத்தும் உரு என்ற பொருளில், ஒரு சொல் இருந்தது. நாம் பிள்ளைகளுக்குப் பூச்சி காட்டுவதை நினைத்துக்கொள்ளலாம்.

அதற்காகத் தமிழில் பூச்சிநீக்கம் என்று சொன்னால், டெல்டாவில் மருந்துத் தெளிப்பானைத்தான் தேடுவார்கள். பிழைத்திருத்தம் பரவாயில்லை. ஆனால் தமிழில் பிழைத்தல் என்றால் தவறுதலும் உண்டு, உயிர் தப்புதலும் உண்டு. 'நிரல் பிழைத்தது' என்றால் எதை எடுத்துக்கொள்வது? எரர் என்று திரையில் வரும் செய்திக்குப் பிழை இருக்கட்டும். உள்ளே கிடக்கும் கோளாறுக்கு வழு என்பதே என் தேர்வு.

வழு, வழுவு, வழுக்கு எல்லாம் ஒரே குடும்பம். நனைந்த வரப்பில் கால் வழுக்குகிறதே, அதுதான் அடிப்படை. நிற்க வேண்டிய இடத்திலிருந்து சறுக்குவது. 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்' என்கிறது தொல்காப்பியம். கேள்வியும் பதிலும் வழுவாமல் காத்துக்கொள் என்று பொருள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த நிரல். வழக்கமான பைதான் பிழை என்றால் எந்த வரி என்று சொல்லிவிட்டு நிற்கும். இது அப்படி இல்லை, பைதானே விழுந்துவிட்டது. கடைசியாக ஒரே ஒரு வரி, தவறான த்ரெட் எதையோ அழித்துவிட்டது என்று. ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலை இழைகளில் ஒன்றுதான் த்ரெட். அதற்கு முன் அவன் தரவைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கியிருந்தான். தரவையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டே புள்ளிகளை வரையச் சொன்னோம். அப்போதும் செத்தது. சரி, தரவு குற்றவாளி இல்லை. பைதானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற கருவியைப் போட்டு மறுபடி ஓட்டினோம். சாகும் நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நின்றது என்று அது காட்டும்.

வயலில் இரவோடு இரவாகத் தண்ணீர் வடிந்துவிட்டால் வரப்பில் நண்டு வளை தேடுவோம். வெளியே தண்ணீர் கசியும் இடத்தில் மண்ணை அப்பினால் நிற்காது. வளையின் உள்வாய் வேறு எங்கோ, சேற்றுக்கடியில் இருக்கும். அதைக் கண்டு மிதித்து அடைக்க வேண்டும். இங்கும் அதேதான். மேட்பிளாட்லிப்பில் படத்தை உண்மையில் தீட்டும் பகுதிக்குப் பேக்கெண்ட், அதாவது பின்தளம், என்று பெயர். சன்னல் திறந்து காட்டும் பின்தளங்கள் உண்டு, கோப்பாக மட்டும் எழுதுபவையும் உண்டு. இவன் எதையும் குறிப்பிடாததால் டிகே என்ற சன்னல் பின்தளம் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. டிகே பொருள்கள் பிறந்த த்ரெட்டிலேயே அழிய வேண்டும். ஆனால் பைதானின் குப்பை சேகரிப்பு, அதாவது இனித் தேவைப்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் வேலை, அந்த நேரத்தில் எந்த த்ரெட் ஓடுகிறதோ அதிலேயே நடக்கும். பத்துப் பதினைந்து படம் சேர்ந்தபின் ஒரு நாள் வேறொரு த்ரெட் அவற்றைக் கூட்டிப் பெருக்கியது, எல்லாம் விழுந்தது. வரைந்த இடம் ஒன்று, செத்த இடம் இன்னொன்று.

கோப்பாக எழுதும் ஆக் என்ற பின்தளத்துக்கு மாற்றி, படங்களைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் பைப்லாட் பகுதியை விட்டுவிட்டு, படத்தைத் தாங்கும் ஃபிகர் பொருளை நேரடியாக உருவாக்கச் சொன்னேன். நிரல் சாவது நின்றுவிட்டது. இது வழுநீக்கம். அதற்கு முன் அவன் செய்துவைத்திருந்தது வேறு: செத்தால் உடனே மறுபடி ஓட்டும் ஒரு சின்ன நிரல். அது கசிவில் மண் அப்புவது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, அதற்கும் இலக்கணத்தில் பெயர் இருக்கிறது: வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னது என்று காரணம் காட்டி அதை ஏற்றுக்கொள்கிறார்கள். காரணம் தெரியாமல் விட்டால் அது அமைதி ஆகாது.

பிறகு ஒரு நாள், அணை கட்டி முடித்த 1934இலிருந்து இன்றுவரை எல்லா நாளையும் ஒரே நீளப் படமாக்கப் பார்த்தான். நாளுக்கு இரண்டு பிக்சல். அவனிடமிருந்த பதிப்பில் படத்தின் அகலமோ உயரமோ 65,536 பிக்சலை எட்டினாலே ஆக் மறுத்துவிடும். தொண்ணூறு ஆண்டுக்கே 65,700ஐத் தாண்டுகிறது. நாளுக்கு ஒரு பிக்சலாகக் குறைத்துவிட்டு, அந்த வரிக்கு மேலே குறிப்பு எழுதி வைத்திருக்கிறான்: 'வழுவமைதி. ஆக் எல்லை 65,536. இரண்டு பிக்சல் வேண்டுமென்றால் படத்தை இரண்டாக வெட்டவும்.'