ஸ்டூல் போட்டாச்சு, உட்காருவது யார்?

எம்பிஏ மாணவர்களுக்கு நிறுவன நடத்தையியல் எடுக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் பாடம். மனிதத் தேவைகளை அடுக்கடுக்காகக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடை மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிவிடலாம் என்று பசங்க நினைப்பார்கள். ஆனால் நான், தீபாவளி நேரத்தில் திருநெல்வேலி டவுனிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு துணிக்கடைக்குள் போய், சேலை எடுத்துப் போடும் பெண்களின் கால்களைக் கவனித்துவிட்டு வரச் சொல்வேன்.

கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நிற்கிறார்கள். நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அது காலிலேயே தேங்கும். கால் வீக்கமும் நரம்பு சுருட்டும் இப்படித்தான் வருகின்றன. நின்றுகொண்டே இருப்பதால் இடுப்பு வலியும் சேர்ந்துகொள்ளும். பாத்ரூம் போகக் கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலே இருப்பதால் நீர்க்கடுப்பு வேறு. இதற்காகத்தான் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22ஏ பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும். கேரளத்தில் இது 2018லேயே வந்துவிட்டது.

சரி, சட்டம் வந்தது, கடைக்கு ஸ்டூலும் வந்தது. அப்புறம்? மாணவர்களோடு போன ஒரு கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது, ஆனால் அதைச் சுற்றி வந்த பாலிதீன் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை, மேலே ஜாக்கெட் பிட் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். "உக்காரக் கூடாதுன்னு நாங்க யாரையும் சொன்னதே இல்ல சார்" என்றார் மேலாளர். அவர் சொன்னது உண்மை. அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் பஸ் ஸ்டாப்பில் கேட்டபோது, "ஃப்ளோர் அண்ணாச்சியே நின்னுக்கிட்டு இருக்காவ, நாங்க எப்படி சார் உக்கார? வேலை பாக்காம இருக்கான்னுல்லா நெனைப்பாவ" என்றார். அதுவும் உண்மை.

எங்கள் துறையின் மிகப் பழைய பாடம் இது. சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளில் கடைசியாக, ஒரே அறையில் வேலை பார்த்த 14 ஆண்களைக் கவனித்தார்கள். கூடுதலாகச் செய்தால் கூடுதல் கூலி உண்டு. இருந்தும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அளவை அவர்கள் தாண்டவில்லை. தாண்டினவனைக் கேலி செய்தார்கள், தோளில் குத்தினார்கள். எழுதி ஒட்டிய விதியைவிட எழுதாத விதிக்குத்தான் பலம். நம் கடைகளில் அந்த எழுதாத விதி, நிற்பவர்தான் உழைப்பவர் என்பது.

இன்னொன்றையும் ஆராய்ச்சி செய்கிறவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். புராஜெக்ட் என்று, ஊழியர்களுக்கு வேலையில் திருப்தியா என்று கேட்கும் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போகும் மாணவர்கள், அதை மேலாளர் கையில் கொடுத்து, அவரே வாங்கித் தருவதைக் கொண்டுவந்து கணக்குப் போடுகிறார்கள். எல்லாத் தாளிலும் 'முழுமையாக உடன்படுகிறேன்' என்ற கட்டத்தில் டிக். அது திருப்தி இல்லை, பயம். அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் ஆய்வு செய்தபோது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, தவறை வாய்விட்டுச் சொல்லப் பயப்படாததால் என்று விளக்கினார். குறையே வராத கடையைப் பார்த்து முதலாளி சந்தோஷப்படுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். ஃப்ளோர் சூப்பர்வைசர் முதலில் உட்காரட்டும், எல்லோரும் பார்க்க. மதியம் கூட்டம் குறையும் நேரத்தில் யார் எப்போது உட்காருவது என்று முறை போட்டு, முதலாளியே வாய்திறந்து சொல்லட்டும். மாணவர்களுக்கு ஒன்று: கேள்வித்தாளைக் கடைக்கு வெளியே, பெயர் கேட்காமல், நீங்களே நேரில் கொடுத்து வாங்குங்கள்.