வில்லா பார்க்கும்போது முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பரீட்சை முடிந்து வேலூர் வெயில் ஏற ஆரம்பித்ததும், என் கிளினிக்குக்கு வரும் பெற்றோர் தடுப்பூசி அட்டையோடு ஒரு கேள்வியையும் கொண்டுவருவார்கள். “டாக்டரம்மா, லீவுக்கு தீம் பார்க் போறோம். குட்டியை எந்த ரைடுல ஏத்தலாம்?” சிலர் பெங்களூரு தாண்டி பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்குப் போவார்கள். சிலர் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பங்களில் சிங்கப்பூர், அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ வரை போகிறவர்களும் உண்டு. ரைடைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், தங்கப்போகும் வில்லாவின் படம் போனில் இருக்கிறதா என்றுதான் நான் கேட்பேன். கேட்டதும் கொஞ்சம் விழிப்பார்கள்.

காரணம் எளிது. 3 வயதுக் குழந்தையின் உயரம் சராசரியாக 95 சென்டிமீட்டர், 5 வயதில் 110. பெரிய ரைடுகளின் வாசலில் 120, 140 என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். ஆக, உங்கள் குட்டிக்குக் கிடைப்பது ஒரு குதிரை ராட்டினம், ஒரு சின்ன ரயில், முழங்கால் அளவுத் தண்ணீர். அப்புறம் தூக்கம். 1 முதல் 2 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், 3-4 வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாடு, குளியல், அழுகை எல்லாம் சேர்த்தால் இரண்டு நாள் பயணத்தில் பெரும்பகுதி குழந்தை இருக்கப்போவது வில்லாவில்தான். பார்க் டிக்கெட்டை ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்க்கும் நாம், வில்லாவுக்கு நாலு படம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறோம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது. இரண்டரை வயது. பெரிய குடும்பம், இரண்டு வண்டியில் கிளம்பி மத்தியானம் மூன்றரைக்கு வில்லாவில் இறங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பசி, களைப்பு. ஆண்கள் பெட்டி இறக்குகிறார்கள். ஒருவர் கேர்டேக்கரோடு ஆதார் நகல், பாக்கிப் பணம் என்று நிற்கிறார். அம்மா கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க அறைக்குள் போகிறார். ஹாலில் இருந்து நீச்சல் குளத்துக்குப் போக ஒரு கண்ணாடிக் கதவு, பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. காற்று வரட்டும் என்று யாரோ திறந்திருக்கிறார்கள். குளத்தில் முன்பு தங்கியவர்கள் விட்டுப்போன மஞ்சள் பந்து ஒன்று மிதந்திருக்கிறது.

பாட்டிதான் முதலில் கவனித்தார். சத்தம் கேட்டு ஓடவில்லை, சத்தமே இல்லாததால் எழுந்து போய்ப் பார்த்தார். மாமா குதித்துத் தூக்கிவிட்டார். குழந்தை இருமி வாந்தி எடுத்து அழுதது. பக்கத்து மருத்துவமனையில் ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். நான் பார்த்தபோது லேசான சளி இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தப் பாட்டி என் மேசையைப் பிடித்துக்கொண்டு, “இன்னா டாக்டரம்மா, பத்துப் பேரு இருந்தோம், ஒருத்தருக்கும் தெரியலியே” என்றார்.

பத்துப் பேர் இருந்ததால்தான் தெரியவில்லை. குழந்தை இன்னொருவரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்குத் தவிக்கும் வாயில் குரல் வராது. ஒன்றிரண்டு நிமிடத்திலேயே நினைவு தப்பிவிடும். உலகம் முழுக்க 2021இல் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று 5 வயதுக்குக் கீழ்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் குழந்தையை வெளியே எடுத்ததும் பதற்றத்தில் ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்கியிருக்கிறார். நம் ஊரில் இன்றும் பலர் இதைத்தான் முதலுதவி என்று நம்புகிறார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் உண்டு. இரண்டையும் செய்யாதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலை அடைக்கும், நேரமும் வீணாகும். குழந்தை மூச்சு விடவில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்தி, முதலில் மூச்சுக் கொடுங்கள். நீரில் மூழ்கியவருக்குத் தேவை காற்று. அதற்குப் பிறகு மார்பின் நடுவில், மார்பு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். தானாக மூச்சு வந்து குழந்தை சிரித்தாலும் மருத்துவமனைக்குப் போய் ஆறிலிருந்து எட்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டலாம்.

சரி, வில்லாவுக்கு வருவோம். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 5 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் குடும்பத்துக்குத் தனி நீச்சல் குளம் உள்ள வில்லா வேண்டாம். லைஃப்கார்டு இருக்கும் பொதுக் குளத்துக்கு நடந்து போகும் தூரத்தில், தனிக் குளம் இல்லாத வீடே நல்லது.

இதை நான் சொன்னதும் அம்மாக்களின் முகம் வாடும். அந்த வாட்டம் எனக்குப் புரிகிறது. பொதுக் குளத்தில் ஆண்கள் இருப்பார்கள், போன் கேமரா இருக்கும். வருடத்தில் ஒருமுறை வீட்டுப் பெண்கள் யார் பார்வையும் படாமல் தண்ணீரில் இறங்கிச் சிரிக்கக் கிடைக்கும் இடம் அந்தப் பிரைவேட் பூல்தான். அதை ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நம் தாத்தாக்கள் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு விவசாயக் கிணற்றில் நீச்சல் கற்றார்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோமே, அதுதான் நம் தலைமுறைக்கும் ஆற்றுக்கும் உள்ள பழக்கம். என்னிடம் வரும் இளம் பெற்றோரில் நீச்சல் தெரிந்தவர்கள் மிகச் சிலர். நீச்சல் தெரியாத பத்துப் பேர், ஐந்தடித் தண்ணீர், ஒரு சின்னக் குழந்தை.

அப்படியும் தனிக் குளம்தான் வேண்டும் என்றால், அதைச் சுற்றி நாலு பக்கமும் வேலி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர் என்றால் அது வேலி இல்லை. ஏனென்றால் குழந்தை வரப்போவதே வீட்டுக்குள்ளிருந்துதான். உயரம் குறைந்தது 4 அடி. கம்பிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும், குறுக்குக் கம்பி என்றால் குழந்தைக்கு அது ஏணி. கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கேட் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் பெரியவர் கைக்கு மட்டும் எட்ட வேண்டும். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தால் முதல் வேலையாக அதை அகற்றுங்கள்.

இதையெல்லாம் “சேஃப்டி எல்லாம் பக்காவா இருக்கும் சார்” என்ற பதிலோடு ஒத்துக்கொள்ளாதீர்கள். அட்வான்ஸ் போடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போடச் சொல்லுங்கள். ஹாலில் இருந்து குளம் வரை போனைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். எத்தனை கதவு, எந்தத் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு மறுக்கிற இடத்தை விட்டுவிடலாம். பக்கத்தில் குழந்தை மருத்துவர் உள்ள மருத்துவமனை எது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியை இறக்குவதற்கு முன் ஒரு பெரியவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும். அவருக்கு அந்த ஒரு மணி நேரம் வேறு வேலை இல்லை. இன்னொருவர் குளத்தில் மிதக்கும் பந்து, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடட்டும். குளிக்கிற நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, முறைக்காரர் போனை உள்ளே வைத்துவிட்டுக் கரையில் உட்கார வேண்டும். கை நீட்டினால் தொடும் தூரம். காற்று ஊதிய கைப்பட்டைகளை நம்பாதீர்கள், அவை விளையாட்டுச் சாமான். நீச்சல் உடை ஆரஞ்சு, அடர் பிங்க் என்று வாங்குங்கள். நீலத் தரைக் குளத்தில் நீல உடை போட்ட குழந்தை அடியில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது.

குளம் இல்லாத வில்லாவிலும் தண்ணீர் உண்டு. குளியலறையில் பாதி நிரம்பிய பக்கெட் போதும். தவழ்கிற, நடை பழகுகிற குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் திரும்ப எழ முடியாது, அந்த வயதில் தலைதான் பாரம். பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், கதவை வெளியே தாழிடுங்கள். கீசரையும் பாருங்கள். 60 டிகிரித் தண்ணீர் பட்டால் ஐந்து விநாடிக்குள்ளேயே தோல் வெந்துவிடும். நம் வீட்டுக் குழாயில் எந்தப் பக்கம் சுடு தண்ணீர் என்று குழந்தைக்குத் தெரியும், வந்த இடத்தில் தெரியாது. மாடிப் பால்கனி, 6 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு, பிளக்கில் செருகிய கொசு மருந்து, இவையும் கவனிக்க வேண்டியவை.

வில்லாவில் நான் தேடச் சொல்லும் நல்ல விஷயம் ஒன்று உண்டு. கதவு சாத்தி, திரை போட்டு இருட்டாக்கக்கூடிய ஒரு அறை. மத்தியான வெயிலில் பார்க்கை விட்டு வந்து குழந்தை இரண்டு மணி நேரம் தூங்கினால் சாயங்காலம் எல்லோருக்கும் சாயங்காலமாக இருக்கும். அதனால் பார்க் வாசலுக்கும் வில்லாவுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் தூரம் இருக்கக்கூடாது. சமையலறையில் பிரிட்ஜும் ஒரு அடுப்பும் இருந்தால் கேழ்வரகுக் கஞ்சியும் இட்லியும் ஓடிவிடும்.

ஆர்லாண்டோ போகிறவர்களுக்கு இரண்டு வரி. ஃபுளோரிடாவில் 2000 அக்டோபருக்குப் பிறகு கட்டிய வீட்டுக் குளங்களுக்கு 4 அடி வேலி, குளத்து மூடி, கதவு அலாரம் போன்றவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் வில்லாவில் அவற்றில் எது என்று கேளுங்கள். கதவு அலாரம் தொல்லையாக இருக்கிறது என்று அணைத்துவிடாதீர்கள். அங்குள்ள ஏரிகளில் முதலை இனங்கள் வாழ்கின்றன. 2016இல் ஒரு தீம் பார்க் விடுதியின் ஏரிக்கரையில் இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துப்போன பிறகுதான் அங்கே கரைக்கு வேலி வந்தது.

திரும்பி வந்து இரண்டாம் வாரத்தில் வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களும் உண்டு. குளத்துத் தண்ணீரைக் குழந்தைகள் குடித்துவிடுகிறார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினிலும் பல நாள் உயிரோடு இருக்கும். நீச்சல் டயப்பர் அதைத் தடுக்காது. ஆகவே பேதி உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காதீர்கள், ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து பையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் பாதி கொட்டக்கூடாது.

அந்தப் பாட்டியின் குடும்பம் இந்த மே மாதம் மறுபடி கிளம்புகிறது. போன வாரம் அம்மா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பச்சை பெயின்ட் அடித்த வேலி, நிமிர்ந்த கம்பிகள், சின்ன கேட். “இது ஓகேவா மேடம்?” என்று கீழே எழுதியிருந்தார். வேலி நன்றாகத்தான் இருந்தது. கேட்டின் தாழ்ப்பாள் படத்தில் தெரியவில்லை. கிட்டப் போய் இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.