தடம் பிறக்கும் இடமும் எல்லை கடக்கும் இடமும்: என்.எஸ்.எஸ்.ஏ. பகுதியில் வெளித்தட அறிவிப்பு

ரவுட்டர்கள் பாதைகளைக் கண்டறிய உதவும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில் ஓடும் வலையமைப்பில் வெளியிலிருந்து வந்த ஒரு வழித்தடத்தை மறைக்க நினைக்கும் பொறியாளர் பலர் முதலில் நாடுவது, உள்வரும் தடங்களுக்கான டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் என்னும் வடிகட்டியைத்தான். அதை இட்ட ரவுட்டரின் ரூட்டிங் அட்டவணையில் தடம் மறைந்துவிடும். அடுத்த ரவுட்டரிலோ அது அப்படியே நிற்கும். இது மென்பொருளின் பிழையன்று. ஓ.எஸ்.பி.எஃப். வலையமைப்பைப் பகுதிகளாகப் (ஏரியா) பிரிக்கலாம். ஒரு பகுதிக்குள் உள்ள ரவுட்டர்கள் அனைத்தும் ஒரே தரவுத்தளத்தை வைத்திருந்தால்தான், அவை தனித்தனியே கணக்கிடும் பாதைகள் ஒன்றோடொன்று பொருந்தும். ஆகவே ரவுட்டர்கள் தடங்களைப் பற்றிப் பரப்பும், எல்.எஸ்.ஏ. எனப்படும் அறிவிப்பு பகுதிக்குள் நுழைந்த பின் நடுவிலுள்ள ரவுட்டர் அதைத் தடுத்து வைக்கக் கூடாது. முறையாகக் கட்டுப்படுத்தக்கூடிய இடங்கள் இரண்டுதான்: தடம் பிறக்கும் இடம், அது பகுதியின் எல்லையைக் கடக்கும் இடம்.

வெளித்தடங்களைச் சுமக்கும் 5ஆம் வகை எல்.எஸ்.ஏ. வலையமைப்பு முழுவதும் பரவக்கூடியது. சிறிய ரவுட்டர்களை அந்தச் சுமையிலிருந்து காக்கவே ஸ்டப் பகுதி உருவானது. ஆனால் அதற்குள் 5ஆம் வகைக்கே இடமில்லாததால், ரிப் நெறிமுறையில் ஓடும் பழைய வலையமைப்பு ஒன்று அங்கே வந்து இணைந்தால் அதன் தடங்களை அறிவிக்க வழியில்லை. ராப் கோல்ட்டனும் வின்ஸ் ஃபுல்லரும் 1994 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1587 என்னும் இணைய நெறிமுறை ஆவணம் வழியாக முன்வைத்த என்.எஸ்.எஸ்.ஏ. ('நாட் ஸோ ஸ்டப்பி ஏரியா') இதற்கான தீர்வு, 2003 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 3101 அதன் இடத்தைப் பிடித்தது. இதன்படி வெளித்தடம் 7ஆம் வகை எல்.எஸ்.ஏ.வாகப் பிறந்து அந்தப் பகுதிக்குள் மட்டும் பரவும், ஏ.பி.ஆர். எனப்படும் எல்லை ரவுட்டர் அதை 5ஆம் வகையாக மொழிபெயர்த்து, பிற பகுதிகளை இணைக்கும் முதுகெலும்புப் பகுதிக்குள் விடும்.

பிறப்பிடத்தில் நம் கையிலுள்ள முதல் கருவி, வெளித்தடங்களை ஓ.எஸ்.பி.எஃப்.புக்குள் கொண்டுவரும் ரீடிஸ்ட்ரிபியூஷனில் இணைக்கும் ரூட் மேப் என்னும் நிபந்தனைப் பட்டியல். அங்கே நிறுத்தப்படும் தடத்துக்கு எல்.எஸ்.ஏ.வே உருவாவதில்லை. தடம் பகுதிக்குள் தெரிய வேண்டும், வெளியே தெரியக் கூடாது என்றால் பி பிட் உதவும். 7ஆம் வகை எல்.எஸ்.ஏ.வில் இந்தப் பிட் 0 ஆக இருந்தால் எந்த ஏ.பி.ஆரும் அதை மொழிபெயர்க்காது. சிஸ்கோ ரவுட்டர்களில் 'என்.எஸ்.எஸ்.ஏ. ஒன்லி' என்னும் சொல் இதைத்தான் செய்கிறது. வெளித்தடத்தைக் கொண்டுவரும் ரவுட்டரே ஏ.பி.ஆராகவும் இருந்தால், அது முதுகெலும்புக்கு 5ஆம் வகையையும் என்.எஸ்.எஸ்.ஏ.வுக்குப் பி பிட் 0 ஆன 7ஆம் வகையையும் தனித்தனியே அனுப்பும். அதே தடத்தை இன்னொரு ஏ.பி.ஆர். மீண்டும் மொழிபெயர்த்துவிடாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. பகுதிக்குள் டீஃபால்ட் தடமே (வேறு தடம் பொருந்தாதபோது பயன்படும் பொதுத் தடம்) போதுமென்றால், சிஸ்கோவில் 'நோ ரீடிஸ்ட்ரிபியூஷன்' என்றும் ஜூனிப்பரில் 'நோ என்.எஸ்.எஸ்.ஏ. ஏ.பி.ஆர்.' என்றும் கொடுத்து அந்த 7ஆம் வகையை நிறுத்தலாம்.

எல்லையிலோ, பல ஏ.பி.ஆர்.கள் இருந்தாலும் வழக்கமாக ஒன்றே மொழிபெயர்க்கும்: ரவுட்டர் ஐ.டி. மிகப் பெரியதாக உள்ளது தேர்வாகும். அதில் 10.20.0.0/16 போன்ற ஒரு வரம்பைக் குறித்து, அதற்குள் அடங்கும் தடங்களை ஒரே சுருக்கத் தடமாக அறிவிக்கச் செய்யலாம், அல்லது 'நாட் அட்வர்டைஸ்' என்று சேர்த்து முழுவதுமாக மறைக்கலாம். இந்த அமைப்பை எல்லா ஏ.பி.ஆர்.களிலும் ஒரே மாதிரி எழுதுவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். தேர்வான ரவுட்டரில் மட்டும் எழுதியிருந்தால், அது செயலிழக்கும் நாளில் அடுத்த ஏ.பி.ஆர். பொறுப்பேற்று, மறைத்து வைத்த தடங்களையெல்லாம் வெளியே அறிவித்துவிடும்.

பொறியாளர்களை அதிகம் திணறடிப்பது ஃபார்வர்டிங் முகவரி, அதாவது அந்தத் தடத்துக்கான போக்குவரத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று எல்.எஸ்.ஏ.வில் குறிக்கும் முகவரி. மொழிபெயர்ப்புக்கு உரிய 7ஆம் வகை எல்.எஸ்.ஏ. 0.0.0.0 அல்லாத ஒரு முகவரியைச் சுமக்க வேண்டும். அது 5ஆம் வகைக்கும் அப்படியே செல்லும். இதனால் மொழிபெயர்த்த ஏ.பி.ஆர். வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் போக்குவரத்துக்கு இல்லை. அந்த முகவரிக்கு அருகிலுள்ள வேறு ஏ.பி.ஆர். வழியாகவும் போகலாம். ஆனால் அந்த முகவரி ஓ.எஸ்.பி.எஃப்.பின் உட்தடம் ஒன்றின் மூலம் எட்டக்கூடியதாக இருந்தாக வேண்டும். ஒரு பகுதியின் உட்தடங்களைப் பிற பகுதிகளுக்குச் சொல்லும் 3ஆம் வகை எல்.எஸ்.ஏ.வுக்கு ஏ.பி.ஆரில் இட்ட வடிகட்டி அந்த முகவரியின் வலையமைப்பை மறைத்துவிட்டால், பிற பகுதிகளின் தரவுத்தளத்தில் 5ஆம் வகை எல்.எஸ்.ஏ. தெளிவாகத் தெரியும், ரூட்டிங் அட்டவணையில் தடம் இருக்காது. முகவரியை 0.0.0.0 ஆக்கிவிடும் கட்டளையும் சிஸ்கோவில் உண்டு. அப்போது போக்குவரத்து முழுவதும் மொழிபெயர்த்த ஏ.பி.ஆரை நோக்கியே திரும்பும். அந்த நெரிசலைத் தாங்குவதைவிட வடிகட்டியைத் திருத்துவதே நல்லது என்பது என் கருத்து. பல தடங்களைத் திரட்டிய சுருக்கத் தடத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அதன் முகவரி இயல்பாகவே 0.0.0.0.

பிற பகுதிகளின் வெளித்தடங்கள் என்.எஸ்.எஸ்.ஏ.வுக்குள் வராததால் அவற்றை எட்ட டீஃபால்ட் தடம் வேண்டும். சாதாரண என்.எஸ்.எஸ்.ஏ.வில் சிஸ்கோ ஏ.பி.ஆர். அதைத் தானாக உருவாக்காது. 'டீஃபால்ட் இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' என்று கேட்டால் 7ஆம் வகையாகத் தரும். அந்த எல்.எஸ்.ஏ.விலும் பி பிட் 0 தான். அதனால் பகுதிக்குள் இறக்கிய டீஃபால்ட் தடம் இன்னொரு ஏ.பி.ஆர். வழியாக முதுகெலும்புக்குத் திரும்பிப் போவதில்லை.