பயனர் ஏற்புச் சோதனை: தேற வேண்டியது யார்?

மேம்படுத்திய கணக்கு மென்பொருள் ஒன்றைச் சோதிக்க ஊழியர்களைத் தயார்செய்யும் குழுவில் நான் இருந்தபோது, "திங்கள் முதல் எல்லாருக்கும் யூஏடி டெஸ்ட்" என்று ஓர் அறிவிப்பு ஒட்டினோம். அன்று மாலையே, கிடங்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த ஓர் அம்மா வந்து, "தம்பி, எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேறலாம்?" என்று கேட்டார். கையில் ஒரு குறிப்பேடு. எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மென்பொருளுக்கு மதிப்பெண் போட வேண்டியவரைத் தேர்வு எழுத வந்தவராக ஆக்கிவிட்டது எங்கள் அறிவிப்பு.

யூஏடி என்பது யூசர் அக்செப்டன்ஸ் டெஸ்டிங் என்பதன் சுருக்கம். மென்பொருளை எழுதியவர்களும் தொழில்முறைச் சோதனையாளர்களும் தங்கள் வேலையை முடித்த பிறகு, அதை நாள்தோறும் கையாளப்போகிறவர்கள் தங்கள் அலுவலுக்கு அது சரியாக வருகிறதா என்று பார்த்து, "ஏற்கிறோம்" அல்லது "ஏற்கவில்லை" என்று சொல்லும் கட்டம். புதிய மென்பொருளுக்கு மட்டுமல்ல, பழையதைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போதும் இது உண்டு. கணக்கு, கிடங்கு போன்ற அலுவல்களுக்குப் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி ஈசிசி 6.0 மென்பொருளின் பிந்தைய மேம்பாட்டுத் தொகுப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. அதற்குள் புதியதற்கு மாறும் பல அலுவலகங்களில் இந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது.

டெஸ்ட் என்ற சொல்லின் வேர் ஒரு மண்சட்டி. இலத்தீனில் டெஸ்டும் என்றால் மட்கலம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பொன்னையும் வெள்ளியையும் ஈயத்தோடு உருக்கி மாசு பிரித்துப் பார்க்கும் சிறு கலத்தைக் குறித்தது. மற்ற உலோகங்களைக் கலம் உறிஞ்சிக்கொள்ளும். பொன்னும் வெள்ளியும் அடியில் நிற்கும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஒன்றின் தரத்தைப் பார்ப்பது என்ற பொதுப்பொருள் அதற்கு ஏறியது. நம் சோதனைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். வடமொழிச் சோதனம் தூய்மையாக்குவதைக் குறிக்கும். சுத்தம் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. இரு மொழிச் சொற்களும் மாசு நீக்குவதில் தொடங்கி, ஆராய்ந்து பார்ப்பதில் வந்து சேர்ந்திருக்கின்றன. வட சொல் வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டளைக்கல் இருக்கிறது. மனிதரின் பெருமை சிறுமைகளுக்கு அவரவர் செயலே கட்டளைக்கல் என்கிறது குறள். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் அது. உரைகல் என்றும் சொல்வோம்.

ஆனால் சோதனை என்ற சொல்லுக்குத் தமிழில் வேறு நிழல்களும் உண்டு. "கடவுளே, இது என்ன சோதனை" என்னும்போது அது துன்பம். அதிகாரிகள் வீடு புகுந்து நடத்தினாலும் சோதனைதான். தேர்வு என்று மாற்றினாலோ பள்ளிக்கூடமே கண்முன் வந்து நிற்கும். இத்தனை அச்சத்தையும் சுமந்துகொண்டிருக்கும் சொல்லைத் தனியாக அறிவிப்பில் போடக்கூடாது. அதன் முன்னால் ஏற்பு என்பது வந்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தொடரின் உயிர் ஏற்பில்தான் இருக்கிறது. அக்செப்ட் என்பதன் இலத்தீன் வேரில் இருப்பது கையில் எடுத்துக்கொள்ளுதல். தமிழிலும் ஏற்றல் என்பது கைநீட்டி வாங்கிக்கொள்வதுதான். ஆத்திசூடியின் "ஏற்பது இகழ்ச்சி" இரந்து வாங்குவதைச் சொல்கிறது. இன்றைய வழக்கில் இரத்தல் பொருள் மங்கி, ஒன்றை மனம் ஒப்பி வாங்கிக்கொள்வது மேலோங்கிவிட்டது. ஏற்பவருக்கு மறுக்கவும் உரிமை உண்டு. அந்த உரிமை ஊழியருக்கு இருப்பதைச் சொல்லாமல் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாலும், எல்லாக் கட்டத்திலும் "சரி" என்று குறிபோட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பயனர் என்ற முதற்சொல்லில் சிக்கல் இல்லை. பயனாளி என்று எழுத வேண்டாம். நலத்திட்ட உதவி பெறுபவருக்கு அது நிலைத்துவிட்டது.

வெள்ளோட்டம் என்றே சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. புதிதாகச் செய்த அல்லது பழுதுபார்த்த தேரை விழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். மென்பொருளை ஒரு பிரிவில் மட்டும் சில வாரம் ஓடவிட்டுப் பார்க்கிறோமே, அதற்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வெள்ளோட்டத்தில் ஓடுகிறதா என்பது தெரியும்; ஏற்கிறோமா என்ற தீர்ப்பு அந்தச் சொல்லில் இல்லை. அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டு வேறு வேறு இடத்தில் ஆளலாம்.

மீண்டும் அந்த அம்மாவிடம் வருகிறேன். மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லி, சோதனைப் படிகள் அடங்கிய தாளைக் கொடுத்தோம். ஒவ்வொரு படிக்கும் எதிரே எதிர்பார்த்த விளைவு, வந்த விளைவு என்று இரண்டு கட்டங்கள். நிர்வாகியின் கணக்கில் நுழைந்தால் எல்லாக் கதவும் திறக்கும். ஆகவே அவருடைய சொந்த அனுமதிகளோடு தனிச் சோதனைத் தளத்தில் நுழையச் சொன்னோம். தாளில் இருந்தது எளிய கணக்கு: 100 பெட்டி கேட்டோம், 100 பெட்டி வந்தது. அதை முடித்துவிட்டு, "இப்படி ஒழுங்காக எங்கே வருகிறது?" என்று அவராகவே இன்னொன்றைப் பதிந்தார். கேட்டது 100, வந்தது 60, அதில் உடைந்தது 3. பழைய பதிப்பு 57 பெட்டிக்குத்தான் பணம் கொடுக்கச் சொல்லும். புதியது 60 பெட்டிக்கும் கொடுக்கத் தயாராக நின்றது. "எதிர்பார்த்தது 57, வந்தது 60" என்று எழுதி, திரையைப் படமெடுத்து இணைத்தார். தாளைத் தயாரித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கணக்கு அது.

இப்படிக் கிடைப்பதற்குத் தமிழ்க் கணிமையாளர்கள் வைத்திருக்கும் பெயர் வழு. இலக்கணத்திலிருந்து எடுத்த நல்ல சொல். அதோடு வழுவமைதியையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணைப்படி வழு. உவப்பினால் சொன்னது என்பதால் அமைத்துக்கொள்கிறது நன்னூல். ஏற்புச் சோதனையிலும் எல்லா வழுவும் திருத்தப்படுவதில்லை. அறிக்கையின் தலைப்பு ஓர் எழுத்து தள்ளி நின்றால், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று காரணம் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அதுதான் வழுவமைதி. 57-க்குப் பதில் 60 வந்ததை யாரும் அப்படி அமைத்துக்கொள்ள முடியாது.

அடுத்த சுற்றுக்கு அறிவிப்பை மாற்றி எழுதினோம்: "திங்கள் முதல் பயனர் ஏற்புச் சோதனை. புதிய பதிப்பு உங்கள் வேலைக்குப் பொருந்துகிறதா என்று நீங்கள் சோதிக்கிறீர்கள். பொருந்தாததை எழுதிக் கொடுங்கள். நீங்கள் ஏற்ற பிறகே அது பயன்பாட்டுக்கு வரும்."